வாசலுக்கு வெளியே நின்ற சாமுவேல் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும், ஆபீஸ் போன் அடித்தது. எங்கள் டிரைவர் முனிரத்தினம். "மேடம், சாமுவேலண்ணன் பூட்டாருங்க" என்றார். நகரிக்கு அப்பால், ஆந்திரத்துக்குள், ஒரு தொழிற்சாலை வாசலில் நின்ற லாரிக்குள்ளேயே அண்ணனின் உயிர் போயிருந்தது. சரக்கை இறக்குவதற்காக அவர் வரிசையில் காத்திருந்த மூன்றாவது நாள் அது.

அவரோடு ஓட்டியவர்கள், ஏற்றி இறக்கியவர்கள், கே.ஜி.கண்டிகை டீக்கடையில் அவரோடு டீ குடித்தவர்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். ஆபீஸ் வாசலில் கட்டிய பேனரில் 'இயற்கை எய்தினார்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மே மாத வெயிலில் ஒரு மனிதரை இரும்புக் கூண்டுக்குள் மூன்று நாள் உட்கார வைத்ததில் இயற்கைக்கு என்ன பங்கு?

இந்த லாரி ஆபீசில் ஒன்பது வருடமாக புக்கிங் பார்க்கிறேன். எங்களுடையது ஃபுல் லோடு வேலை. ஒரே கம்பெனியின் சரக்கு வண்டி முழுக்க ஏறும். இங்கே சீல் வைத்தால், எல்லை தாண்டிப் போய் அங்கேதான் உடைப்பார்கள். இடையில் அந்தச் சரக்குக்குப் பொறுப்பு டிரைவர் ஒருவர்தான். இருபத்தாறு வருடம் அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் அண்ணன்.

நான் சேர்ந்த புதிதில், சரக்கோடு போகும் வழிச்சீட்டில் அவருடைய வண்டி எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். எல்லையில் அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். போனில் நான் அழுதேன். "அழுவாதம்மா. தெலுங்குல பேசிகினு இருக்கேன், விட்ருவாங்க. நீ சரியான பேப்பர அடிச்சு அனுப்பு" என்றார். ஒரு பகல் முழுக்க அங்கே நின்றுவிட்டுத் திரும்பியவர், யார் தப்பு என்று கத்திய முதலாளியிடம், "நம்பர் தப்புங்க. அந்தப் பொண்ணத் திட்டினீங்கன்னா பயத்துல அடுத்ததும் தப்பாத்தான் அடிக்கும்" என்று முடித்துவிட்டார்.

இன்னொரு நாள் இரும்புத் தகட்டுச் சுருள்கள் அளவுக்கு மேல் ஏறியிருந்தன. "எடுத்துக்கிட்டுப் போ, பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வண்டி தாங்கும்ங்க. எதிர்ல வர்றவன் தாங்கமாட்டான்." ஒரு சுருளை இறக்கிய பிறகுதான் எழுந்தார். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று இப்போது எல்லாரும் சொல்கிறீர்கள். அன்று பின்னால் நின்று ஹாரன் அடித்தவர்களும் நீங்கள்தான்.

அவர் இறந்த அந்த வாசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு மரம் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. கழிப்பறை உள்ளே இருக்கிறது, டிரைவர்களை விடமாட்டார்கள். இறக்குவதற்கு ஒரே கிரேன். முறை வருவதற்குள் வண்டியை விட்டு நகர்ந்தால் டோக்கன் செல்லாது, வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். போன வருடம் அந்தத் தொழிற்சாலைக்கு அனுப்ப அண்ணன் என்னை ஒரு மனு அடிக்கச் சொன்னார். ஒரு கூரை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை. "சரக்க நிழல்ல வெக்கிறாங்க இல்ல? அத ஓட்டிகினு வந்தவனையும் வெக்கட்டும்" என்றார். முப்பது டிரைவர்களுக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

மனு போன மறுநாளே தொழிற்சாலையிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. "கஸ்டமர் போயிடுவான், மனுவத் திரும்ப வாங்கச் சொல்லு" என்று என்னை ஏவினார். நானும் சொன்னேன். "சரிம்மா. நீயா சொல்ற, ஆபீஸ் சொல்லுது" என்றார் அண்ணன். திரும்ப வாங்கிவிட்டார். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவரே ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டார். "நெஞ்ச அடைக்குதும்மா. வண்டிய இங்கயே வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரட்டுமா?" பக்கத்தில் இருந்த முதலாளியிடம் கேட்டேன். "இன்னும் நாலு வண்டிதானே? டோக்கன் போயிடும். இறக்கிட்டுப் போகச் சொல்லு." அதை நான் அப்படியே போனில் சொன்னேன். "இன்னும் நாலு வண்டிதானாம்ணா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"ஆங்" என்றார்.

பத்து மணிக்கு மேல், ஸ்டியரிங் மீது சாய்ந்து கிடந்தவரைப் பார்த்து, அதே வரிசையில் பின்னால் நின்ற முனிரத்தினம் வாசலுக்கு ஓடியிருக்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றிருக்கிறது. "அது ஸ்டாஃபுக்கு" என்றாராம் காவலாளி. பிறகு யாரிடமோ அனுமதி கேட்டாராம். அனுமதி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் வேறொரு டிரைவரை அனுப்பிச் சரக்கை இறக்கினார்கள். 'சேதம் ஏதுமில்லை' என்று கையெழுத்திட்ட ரசீது என் மேசைக்கு வந்தது. அதைக் கோப்பில் வைக்க என் கை வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவி எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உன்னாண்ட பேசினாராமே, இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். நான் கையை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். எங்கள் ஆபீஸ் போனில் எல்லாப் பேச்சும் பதிவாகும். அண்ணன் இறந்த அன்று மாலையே முதலாளி, "எட்டே முக்காலுக்கு வந்த போன் பதிவ அழிச்சிடு. எந்தப் போனும் வரல" என்றார்.

நான் அழிக்கவில்லை. அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டு நிமிடம்தான். எஸ்தர் அக்காவிடம் ஒரு பிரதி, காவல் நிலையத்தில் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். அதில் முதலாளியின் குரல் கேட்கும். பொறுத்துக்கொள்ளச் சொன்ன என் குரலும் கேட்கும். அதை வெட்டாமல் கொடுப்பேன்.