ஜட்காவில் போன தகரப் பெட்டி

மீர்சாகிப்பேட்டையில் அஸ்மத்துன்னிசாவுக்குக் கோபக்காரி என்று பெயர். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக இருந்தாள். கை கழுவாமல் உள்ளே நுழைந்த டாக்டரையே வாசலில் நிறுத்தியவள் என்பார்கள். புருஷன் காதர் ஜட்கா என்னும் குதிரை வண்டி ஓட்டினான். பரம சாது.

1942இல் சிங்கப்பூரும் ரங்கூனும் ஜப்பான்காரனிடம் விழுந்ததும், அடுத்த குண்டு மெட்ராஸில்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. ஜனங்களைத் தயார்ப்படுத்தத் தெருவுக்குத் தெரு வார்டன்களைப் போட்டார்கள். அவர்கள் தெருவுக்கு வந்தவர் ஆழ்வார்பேட்டை வக்கீல் ஸ்ரீரங்கன். தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் விசில். யாரும் பயந்து ஓடக் கூடாது என்று உபதேசம் செய்துவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய சாமான்களின் பட்டியலை வாசித்தார். டார்ச் லைட், டின் பால், பிஸ்கட், தெர்மாஸ் பிளாஸ்க். தெருவில் இருந்த பதினோரு வீட்டில் ஒன்றில்கூட டார்ச் கிடையாது. இது யாருக்காக எழுதின பட்டியல் என்று அஸ்மத்துன்னிசாவுக்கு எரிச்சலாக வந்தது.

தன் கல்யாணத் தகரப் பெட்டியைக் காலி செய்தாள். பழைய வேட்டிகளைக் கொதிக்க வைத்துக் காயப்போட்டு, பட்டைபட்டையாகக் கிழித்துச் சுருட்டினாள். ஐயோடின், தீக்காயத்துக்குச் சுண்ணாம்புத் தெளிவு கலந்த தேங்காயெண்ணெய், மெழுகுவத்தி, தீப்பெட்டி, அவல், பொட்டுக்கடலை, வெல்லம். எதிர்வீட்டு ஷகீலா நிறைமாதமாக இருந்ததால் தொப்புள்கொடி அறுத்துக் கட்டப் புது பிளேடும் நூலும் தனிப் பொட்டலமாக உள்ளே போயின. ஒவ்வொரு வீடும் ஏதோ ஒன்று கொடுத்தது. பதினோரு வீட்டுக்கும் அதுதான் பெட்டி.

ஸ்ரீரங்கன் பார்த்து அசந்துபோனார். இதைத் தியாகராய நகர் வார்டன்கள் கூட்டத்தில் காட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை திருப்பித் தருகிறேன் என்று எடுத்துப் போனார்.

அது ஏப்ரல் மாதம். அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஜப்பான் கப்பல்கள் வருகின்றன என்று பீதி கிளம்பிவிட்டது. அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொல்ல, பட்டணம் காலியானது. பெட்டி வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடு திரும்பிய காதர், குதிரைக்குப் புல் போட்டபடி தலை நிமிராமல் நின்றான். வக்கீல் குடும்பத்தை மூன்று நடையாக எழும்பூர் ஸ்டேஷனில் விட்டதாகச் சொன்னான். வக்கீலும் அவர்களோடு ரயில் ஏறிவிட்டாராம்.

"பெட்டி?" என்றாள்.

"அதுவும் போச்சு. நான்தான் ஏத்தினேன். போர்வை சுத்தி இருந்துது, தூக்கும்போதுதான் தெரிஞ்சுது. சார் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. எப்டி கேக்கறது?"

இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஷகீலாவுக்கு வலி எடுத்தது. கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. காதர் வண்டியோடு சவாரிக்குப் போயிருந்தான். ஒரு பிளேடுக்காக எழும்பூர் வரைக்கும் வெயிலில் நடந்தாள் அஸ்மத்துன்னிசா. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்த நடையின் ஒவ்வொரு அடியிலும் ஏறிய கோபம் இறங்கவே இல்லை.

குண்டு விழவில்லை. ஜூனில் ஊர் திரும்பியது. ஸ்ரீரங்கனும் திரும்பினார். அதே தொப்பி, அதே விசில். மேலதிகாரி ஒருவரை அழைத்துக்கொண்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு வீடுவீடாகச் சோதனைக்கு வந்தார். அஸ்மத்துன்னிசாவின் வாசலில் நின்று, "ஏம்மா, அவசரப் பெட்டி எங்கே? ஏன் வைக்கவில்லை?" என்று கேட்டார்.

நடிப்பு இல்லை. நிஜமாகவே மறந்திருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உங்க வூட்டம்மாவ கேளுங்க சார், அங்கதான் கீது," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எங்கள ஓடாதீங்கன்னு சொல்லிட்டு நீங்க போனீங்க. அது தப்பில்ல, உசுரு எல்லாருக்கும் வெல்லம். பதினோரு வூட்டுக்கு இருந்த ஒரே பெட்டிய ஏன் சார் எடுத்துக்கினு போனீங்க?"

அப்படி ஏதும் நடக்கவில்லை, சாமான் மாறிப்போயிருக்கும் என்றார் ஸ்ரீரங்கன். குதிரைப் பக்கத்தில் நின்றிருந்த காதர் முன்னால் வந்தான்.

"நான்தான் சார் வண்டியில ஏத்தினேன். மூணாவது நடை."

மேலதிகாரி ஸ்ரீரங்கனிடமிருந்து நோட்டுப் புத்தகத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் வக்கீல் வீட்டுக் காவல்காரர் அய்யாதுரை பெட்டியைத் தலையில் சுமந்து வந்து இறக்கினார். அவலும் வெல்லமும் இல்லை. துணிச் சுருள்களைப் பீங்கான் சாமான் உடையாமலிருக்கத் திணித்திருந்தார்கள், எல்லாம் அழுக்கு. மேலே ஒரு டின் பிஸ்கட். மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

ஏப்ரலில் உமக்கு என்ன வைத்துவிட்டுப் போனார்கள் என்று அவள் அய்யாதுரையைக் கேட்டாள். அவ்வளவு பெரிய பங்களாவில் அவர் மட்டும்தான் இருந்தாராம். குண்டு விழுந்தால் தீ அணைக்க இரண்டு வாளி மணலும் வாசல் சாவியும் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அஸ்மத்துன்னிசா பிஸ்கட் டின்னைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். வேண்டாமென்று அவர் தயங்கியபோது, அவரையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு டீ போட உள்ளே போனாள்.

ஸ்ரீரங்கன் அந்தத் தெருவுக்கு அப்புறம் வரவில்லை. புதிதாக வந்த வார்டனும் பெட்டியைக் கூட்டத்துக்குக் கேட்டார். வேண்டுமானால் கூட்டத்தை இங்கே கூட்டிவாருங்கள் என்று சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள்.