குழாயடியில் நான் சொன்ன முறை

பேத்தி சயானில் காலேஜ் போகிறாள். நாடுகளுக்குள் இருக்கும் உறவுதான் பாடமாம். ஒரு இடத்துக்கு மண் இருக்கலாம், ஜனம் இருக்கலாம், சர்க்காரும் இருக்கலாம். மற்றவர்கள் 'நீயும் ஒரு நாடுதான்' என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் உலக நாடுகள் சபையில் நாற்காலி கிடையாதாம். சில பேர் ஒத்துக்கொள்ளாமலே கொடுக்கல் வாங்கல் மட்டும் வைத்துக்கொள்வார்களாம். என்னவோ புதுசு போலச் சொன்னாள். நான் இரண்டாங்கிளாஸோடு நின்றவள்தான். ஆனால் இதை ஏழு வயதில் தாராவியில் கண்ணால் பார்த்தவள். விளங்கியதா என்பது வேறு.

சித்தப்பா கல்யாண் என்கிற ஊரிலிருந்து ஒரு மராத்திக்காரியைக் கட்டிக் கூட்டிவந்தார். பக்கத்து அறையில் குடித்தனம். கழுத்தில் தாலியாகக் கருகமணி கிடந்தது, அடுப்பு எரிந்தது, கொடியில் துணி காய்ந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் அவளுக்குப் பேர் 'அது'. உப்பு, தீப்பெட்டி வாங்கிவர அம்மா என்னைத்தான் அவளிடம் அனுப்புவாள். நேரில் ஒரு வார்த்தை கிடையாது.

காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். லைனில் அவள் குடத்தை மட்டும் யாராவது பின்னால் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் நின்றதும் வெறுங்குடத்தோடு திரும்புவாள்.

ஒரு நாள், லைன் பார்க்கிறவள், சொந்தமில்லாவிட்டாலும் நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், அந்தக் குடத்தைக் காலால் ஒதுக்கினாள். "இது எந்த வீட்டுக் கொடம்ட்டி? இவ யாருக்கு என்ன வேணும்?"

அம்மா வானத்தைப் பார்த்தாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். "எங்க சித்தி," என்றேன்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்ல அம்மாவால் முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் குடத்தை ஒரு சாண் நகர்த்தினாள்.

"அப்பம் எனக்கு மைனில்லா!" என்றாள் அத்தை; எனக்குச் சித்தி என்றால் அவளுக்கு அண்ணி முறை. "வையி மைனி, கொடத்த."

வீட்டுக்குள் வந்ததும் என் முதுகில் நாலு விழுந்தது. "பெரியவங்க நாங்க வாயத் தொறக்காம நிக்கோம். நீ முந்திக்கிட்டு மொறை சொல்லுதியோ?" அடித்த கையாலேயே அம்மா ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பை ஊற்றினாள். "இந்தா, ஒஞ் சித்திட்ட கொண்டு குடு."

எந்த வார்த்தைக்கு அடி விழுந்ததோ அதையே அம்மாவும் சொல்கிறாளே! ஒன்றும் பிடிபடாமல் போனேன். பக்கத்து அறையில் நிறைகுடத்தின் முன்னால் உட்கார்ந்து சித்தி அழுதுகொண்டிருந்தாள். தண்ணீர்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன அழுகை? கிண்ணத்தை வைத்துவிட்டு, முதுகைத் தடவிக்கொண்டே வந்துவிட்டேன்.