அம்மாவிடம் சொல்வதாக எழுதிக் கொடுத்த ஆண்டு

டிசம்பர் கடைசி வாரத்தில் இந்த ஊரில் யாரும் புத்தாண்டு வாழ்த்து என்று சொல்வதில்லை. "கூட்டன் ருட்ஷ்" என்கிறார்கள். "நல்லபடியாகச் சறுக்குங்கள்" என்று பொருள். ஜெர்மனிக்கு வந்த முதல் ஆண்டு, ரொட்டிக் கடைப் பெண்மணி காகிதப் பையை நீட்டியபடி இதைச் சொன்னாள். வாசலில் பனி உறைந்திருக்கிறது, பார்த்துப் போ என்கிறாள் என்று நினைத்து, என் பூட்ஸைத் தூக்கிக் காட்டி, "நல்ல பூட்ஸ்தான்" என்று தெரிந்த ஜெர்மனில் சொல்லிவிட்டு வந்தேன். பழைய ஆண்டிலிருந்து புதிய ஆண்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் வாழ்த்து என்று பிறகு தொழிற்சாலையில் சொன்னார்கள். இது எனக்கு இங்கே மூன்றாவது குளிர்காலம். இப்போது நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். திரும்பச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பத்து ஆண்டுகள் வெல்டராக இருந்தேன். இங்கே பெரிய லாரிகளின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களைச் செய்யும் தொழிற்சாலையில் அதே வேலை. நம் ஊரில் ஒரு வண்டி வெளியே போகும்போது அதற்கு ஒரு பெயர் இருக்கும், நெற்றியில் சாமி இருக்கும், உரிமையாளர் குடும்பத்தோடு வந்து எலுமிச்சம்பழம் வைப்பார். இங்கே எல்லாம் வெள்ளைப் பெட்டி, ஓர் எண். வேலை சுத்தமாக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமைகளில் மொழி வகுப்புக்குப் போகிறேன். அந்தத் தேர்வை முடித்தால்தான் இங்கேயே இருப்பதற்கு வழி. என் மனைவி நித்யா அதை எனக்கு முன்பே முடித்துவிட்டாள். பள்ளிபாளையத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள்.

ஜனவரி முதல் சனிக்கிழமை ஆசிரியை பிரிகிட்டா ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மேலே "ஃபோர்சாட்ஸ்" என்று அச்சிட்டிருந்தது. புத்தாண்டில் செய்யப்போவதாக ஒருவர் தனக்குத்தானே எடுத்துக்கொள்ளும் தீர்மானம். "பணக்காரர் ஆவேன், நல்லவர் ஆவேன் என்றெல்லாம் எழுதாதீர்கள். நீங்கள் உண்மையிலேயே செய்யப்போவதை எழுதுங்கள். யாரிடம், எங்கே, எப்போது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்" என்றார். பக்கத்தில் இருந்த சிரியாக்காரர் புகைப்பதை விடுவேன் என்று எழுதினார். முன் இருக்கைப் பெண் நீச்சல் கற்பேன் என்று எழுதினாள். எனக்குப் பதினைந்து நிமிடம் ஒன்றும் தோன்றவில்லை.

நான் படித்தது விடுதியோடு கூடிய பள்ளி. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. அங்கேயும் ஜனவரியில் ஒரு தாள் கொடுப்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மதிப்பெண் இலக்கு என்று எழுத வேண்டும். நான் எழுதியதை வாத்தியார் அடித்துவிட்டு, அதைவிடப் பெரிய எண் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார். அதன்பிறகு வந்த இலக்குகளும் அப்படித்தான் வந்தன. வேலை, கல்யாணம், வெளிநாடு. யாராவது எழுதிக் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை. அதை யாரும் எழுதிக்கூடத் தரவில்லை. அது தானாக நடக்கும் என்று இருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் நடக்கவில்லை. ஈரோட்டில் ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் இருவரும் போனோம். இரண்டு முறை பரிசோதித்த பிறகு மருத்துவர் நித்யாவிடம் எந்தக் குறையும் இல்லை என்றார். என்னிடம், எனக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்றார். நன்றாகத்தான் சொன்னார், மெதுவாக. படியில் இறங்கும்போது நான் நித்யாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்பதுதான். அவள் சரிங்க என்றாள். அந்த "இப்ப" நான்கு ஆண்டுகள் நீண்டது. அந்த நான்கு ஆண்டுகளும் அம்மா, உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டார் எல்லோரும் கேட்டது அவளைத்தான். சங்ககிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் நாட்டு மருந்து கொடுப்பவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மா அவளை இரண்டு முறை அழைத்துப் போனார். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டிய மருந்து. பெண்களுக்கு மட்டும்தான் கொடுப்பார். இரண்டு முறையும் அவள் அன்று முழுவதும் வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

தாளில் எழுதினேன்: "இக் வில் மைனர் முட்டர் அல்லஸ் சாகன்." என் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் கை வந்திருக்காது. ஜெர்மனில் எனக்கு வெட்கப்படும் அளவுக்குச் சொற்கள் தெரியாது. பிரிகிட்டா அதை வாங்கி உரக்கப் படித்தார். இலக்கணம் சரி என்றார். "எல்லாவற்றையும் என்றால் எதை?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் சற்றுப் பார்த்துவிட்டு, "உங்கள் அன்பைச் சொல்லப்போகிறீர்கள், இல்லையா? அழகு" என்றார். வகுப்பு கை தட்டியது. நான் "யா" என்றேன்.

தாளைச் சமையலறை மேசையில் வைத்திருந்தேன். வேலையிலிருந்து வந்த நித்யா அதை எடுத்துப் படித்தாள். அடுப்பில் கொதித்த சோற்றைக் கிளறிவிட்டாள். பிறகு அதைப் பழையபடியே வைத்துவிட்டு, "தேதி போடலீங்க" என்றாள். அடுத்த வியாழக்கிழமை பொங்கலுக்காக ஊருக்கு விமானம். டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாயிற்று.

எங்கள் வீடு நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில். அப்பா போன பிறகு அம்மாதான் இரண்டு கோழிக் கொட்டகைகளையும் பார்த்துக்கொள்கிறார். கார் திரும்பும்போதே கொட்டகையின் வாடை வந்தது. வாசலில் நின்ற அம்மா என் கன்னத்தைத் தடவி, "இளைச்சுட்டயே சாமி" என்றார். பிறகு நித்யாவைப் பார்த்து, "அம்மிணி, போகிக்கு முந்துன நாளு காலையில அந்த வைத்தியரு வரச் சொல்லிட்டாரு. மூணாவது தடவ குடிச்சாத்தான் பலிக்குமாமா" என்றார். நித்யா என்னைப் பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போகிக்கு முந்தின நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அம்மா முன்னால், நித்யா பின்னால். அவள் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. திருச்செங்கோடு தாண்டிச் சங்ககிரி நெருங்கியதும், எதிரே மலைக்கோட்டை தெரிந்தது. லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே வண்டியை ஓரங்கட்டினேன்.

"ஏஞ் சாமி நிறுத்திட்டே? ஏழு மணிக்கு மேல அவரு ஆரையும் பாக்க மாட்டாரு."

"நித்யாவுக்கு அந்த மருந்து வேண்டாங்மா."

"ரெண்டு தடவ குடிச்சாச்சு. இன்னும் ஒண்ணுதான?"

"அவகிட்ட ஒரு கொறையும் இல்லீங்மா. எங்கிட்டத்தான். ஈரோட்டுல பாத்தப்பவே டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குக் கொழந்த பொறக்காதுங்மா."

எதிரே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது வந்து நிற்கும்வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.  

"ஈரோட்டுலயா? நீங்க வெளிநாடு போறதுக்கு முந்தியா?"

"ஆமாங்மா."

"நாலு வருசமாச்சே கண்ணு."

அம்மா சிரமப்பட்டுப் பின்னால் திரும்பினார். "அம்மிணி, உனக்கும் தெரியுமா?"

"தெரியுங்க அத்தை."

"தெரிஞ்சுமா அந்தக் கருமத்தக் குடிச்சே? கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தியே."

"குடின்னு நீங்க குடுத்தீங்க. வேண்டாம்னு அவருதான சொல்லோணும்ங்க" என்றாள் நித்யா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழவில்லை.  "மொதல்ல அவளுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடு. வெறும் வயித்தோட உக்காந்திருக்கறா" என்றார். வாங்கிக் கொடுத்தேன். அவள் பன்னை டீயில் நனைத்துத் தின்று முடிக்கும்வரை நாங்கள் இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பிறகு அம்மா, "ஊட்டுக்குத் திருப்பு" என்றார்.  வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார். "இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்."

அப்படி இருந்தால் நான் சொன்னதற்கு என்ன பொருள் என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட, கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன் என்பதுதான் சரி. மாட்டுப் பொங்கலன்று உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, பெண்கள் மதியச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் அக்கா, ராசிபுரத்துப் பெரியம்மா, நித்யாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஏனம்மிணி, இந்தத் தையிலயாச்சும் ஒரு நல்ல சேதி சொல்லக் கூடாதா? அந்த ஊருல டாக்டருக எல்லாம் கெட்டிக்காரங்களாமா?"

"அவளக் கேக்காதீங்க பெரியம்மா" என்றேன். "கொறை எனக்குத்தானுங்க."

அரிவாள்மணைகள் நின்றன. பெரியம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பாத்தீங்களா, பொண்டாட்டிய உட்டுக் குடுக்காம பழியத் தம்மேல போட்டுக்கறான். இப்பிடி ஒரு புருசன் கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கோணும் அம்மிணி." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு சித்தி என்னைப் பார்த்துக் கண் கலங்கினார். அந்த வகுப்பில் கை தட்டியது போலத்தான். நான் எந்த மொழியில் சொன்னாலும் எனக்குப் பாராட்டுத்தான் கிடைக்கிறது. மறுபடி சொல்ல வாயெடுத்தேன். என்ன சொன்னாலும் அது என்னை இன்னும் நல்லவனாக்கும் என்று தெரிந்தது. நித்யா பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பூசணிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அவஞ் சொல்றது நெசந்தாங்க்கா" என்றார். "டாக்டரு பாத்துச் சொல்லிட்டாரு. நானும் தெரியாம அந்தப் புள்ளைய மருந்தக் குடிக்க வெச்சுப் படாத பாடு படுத்திட்டேன். இனி ஆரும் அவளக் கேக்காதீங்க." சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.  யாரோ கத்தரிக்காய் போதுமா என்று கேட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். நான் அதற்காகக் காத்திருந்தேன். அன்று சாயங்காலம்வரை வரவில்லை. அறையில் நித்யா துணிகளை மடித்து, என்னுடையதை ஒரு பெட்டியிலும் அவளுடையதை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பள்ளிபாளையத்துல அப்பாகூடக் கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேனுங்க."

"எத்தன நாளு?"

"தெரியலீங்க."

"அதான் சொல்லிட்டனே" என்றேன். சொன்ன உடனே அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று எனக்கே கேட்டது.

"சொல்லிட்டீங்க. அத்தையும் சொல்லிட்டாங்க. எனக்கு அது போதும்" என்றாள். "ஆனா நீங்க என்ன பண்ணோணும்னு ஒரு தாள்ல எழுதுனீங்க, பண்ணிட்டீங்க. எனக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் ஆரும் கேக்கல. நீங்களும் கேக்கல. இப்பக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியல. தெரியற வரைக்கும் அங்க இருக்கறேன்."

கேட்கவா என்று இருந்தது. கேட்கவில்லை. அவள் கேட்காதே என்றுதான் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. தப்பாகவும் இருக்கலாம். மறுநாள் அவளைப் பள்ளிபாளையத்தில் விட்டேன். காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், அவளுடைய அப்பா வீட்டு வாசல்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்து விமான நிலையத்துக்குத் தனியாகப் போனேன்.

பிப்ரவரியில் பிரிகிட்டா எல்லோருடைய தீர்மானத்தையும் விசாரித்தார். சிரியாக்காரர் இன்னும் புகைக்கிறார். என் முறை வந்தபோது, அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "அழுதாரா?" என்றார். "இல்லை, என் மனைவிக்கு டீ வாங்கித் தரச் சொன்னார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

போன வாரம் நித்யா பெயருக்கு ஓர் அரசாங்கக் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் இங்கே வசிக்கும் உரிமை போய்விடும் என்று அதில் இருந்தது. படம் எடுத்து அனுப்பிவிட்டு அழைத்தேன். அவளுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டது. ஒருமுறை படித்துவிட்டு, "ஜூலை வரைக்கும் நேரம் இருக்குதுங்களே" என்றாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள்.

எங்கள் கட்டடத்தில் கீழே தபால் பெட்டிகள் இருக்கின்றன. பெட்டியில் பெயர் இல்லாதவருக்கு இந்த நாட்டில் கடிதம் வராது. அவள் பெயரும் என் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. அவளுக்கு வருகிறவற்றைத் தனியே அடுக்கி வைக்கிறேன். நாமக்கல்லில் அம்மாவின் ரேஷன் கார்டிலும் அவள் பெயர் இருக்கிறது. அம்மா அதை எடுக்கவில்லை. பள்ளிபாளையத்துக் கார்டிலிருந்து கல்யாணத்தின்போதே எடுத்துவிட்டார்கள். அந்த ஊரில் எந்தத் தாளிலும் அவள் பெயர் இல்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள்.