எட்டுக் கெஜம் குறைந்த மேடை

மாத்தளை டவுனில் நாற்பது வருஷம் துணி வெட்டிக் கொடுத்த இத்ரூஸ், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அறுபத்து மூன்று வயதில் சும்மா இருக்க முடியாமல் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாத்தளை ரயில் நிலையத்தை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, முன் அறையில் எட்டடிப் பலகையின் மேல் கட்டுவது. கண்டியிலிருந்து வரும் பாதை இங்கே முடிந்துவிடும். என்ஜின் கழன்று, பக்கத்துத் தண்டவாளத்தால் சுற்றிப் போய், மறுமுனையில் மாட்டிக்கொள்ளும். நாற்பது வருஷமும் கடைக்குள் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாரே தவிர, ஒரு நாளும் போய் நின்று பார்த்ததில்லை.

வரைபடத்துக்கு அளவு வேண்டும். ரயில்வேயில் பென்ஷன் எடுத்த முஸம்மில், ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி அனுமதி வாங்கித் தந்தார். ஒரு பெயர்ப்பலகையிலிருந்து மறு பெயர்ப்பலகை வரை முஸம்மில் தண்டவாளத்தை நாடாவால் அளந்தார். இத்ரூஸ் மேடையைத் தன் கடைக் கெஜக்கோலால் அளந்தார். அவர் கை வேறு எதையும் நம்பாது.

தண்டவாளம் இருநூறு கெஜம். மேடை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகின்றனவே! மறுநாள் தனியாகப் போய் அளந்தார். நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதற்கு மறுநாள் நூற்றுத் தொண்ணூற்றொன்று. வரைபடத்தில் ரயிலின் கடைசிப் பெட்டி மேடைக்கு வெளியே நின்றது.

"என்னா இத்ரூஸ் நானா, ஒங்கட கடையில நாங்க எடுத்த துணியும் இந்த அளவுதானா?" என்று முஸம்மில் சிரித்தார்.

பகிடிதான். ஆனால் இத்ரூஸுக்குச் சுருக்கென்றது. அளவில் குறை வைத்தால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தோடு தினமும் கடை திறந்த மனிதர் அவர். வீட்டுக்கு ஓடி வந்து கோலை நாடாவோடு வைத்துப் பார்த்தார். முப்பத்தாறு அங்குலம், மயிரிழை பிசகவில்லை. கோல் சரி, நாடா சரி, மேடையும் தேயாது. அப்படியென்றால் பிழை கையில்தான். இந்தக் கையால் எத்தனை கல்யாணத் துணி, எத்தனை கபன் துணி! மையித்துக்குப் போர்த்தும் துணியிலா குறைத்தோம் என்று நினைத்ததும் சோறு இறங்கவில்லை. மண்ணுக்குள் போனவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? நிதானமாக யோசித்திருந்தால் எந்தப் பக்கம் பிழை என்று தெரிந்திருக்கும். பயந்த மூளை எங்கே கணக்குப் போடப் போகிறது!

மூன்று நாள் அவர் குழம்பிக் கிடந்ததைப் பார்த்த மனைவி மஸூதாவுக்குப் பொறுக்கவில்லை.

"எழும்புங்க. நானும் வாறேன். நீங்க அளங்க, நான் பாக்கிறேன்."

பத்துக் கெஜம்கூட ஆகவில்லை, மஸூதா நிறுத்தச் சொன்னார்.

"இஞ்ச பாருங்க, கோல் முடியிற எடத்துல ரெண்டு வெரல வெக்கிறீங்க. வெரலுக்கு அங்கால இருந்துதானே அடுத்த கெஜத்தத் தொடங்குறீங்க?"

இத்ரூஸ் தன் விரல்களை யாரோ ஒருவருடையவை மாதிரிப் பார்த்தார்.

"அது... வாங்குற ஆளுக்குக் கொறயக் கூடாதுன்னு கூட விடுறது. கடையில எப்பவும் அப்பிடித்தான்."

"இது ஸ்டேஷன். இதுக்கு யாரு சட்ட தைக்கப் போறாங்க?"

அவர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் குறைக்கவில்லை. கபன் துணிக்கும் கெஜத்துக்கு இரண்டு விரல் கூடத்தான் போயிருக்கிறது. வெட்கத்தை விட்டு அழுதார். கண்டி ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடியும் முதல் பலகையிலிருந்து தொடங்கினார்கள். மூன்றாவது கெஜத்திலேயே விரல்கள் பழையபடி முன்னால் ஓடின. அதட்டினாலும் கேட்கவில்லை. கடைசியில் மஸூதா, கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். அத்தனை பேர் பார்க்க, அந்த இரண்டு விரல்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறு பலகை வரை அவர் விடவில்லை.

மேடை இருநூறு கெஜம் வந்தது.