சக்கரம், ஏணி, கைகாட்டி

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். வருஷா வருஷம் போவதுதான். கடைப் பெண் என் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டாள். சுவரில் எழுத்துகள் தெரிந்தன.

"படிங்க தாத்தா."

"சக்கரம், ஏணி, கைகாட்டி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

உங்களுக்கும் புரியாது. சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் இதே பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் நான் பாயிண்ட்ஸ்மேன். லீவரை இழுத்துத் தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை. முதலில் ஒரு தகரப் பெட்டியைத் திறப்பார்கள். உள்ளே கலர் கலராகக் கம்பளி நூல். அந்துருண்டை வாசம் ஆளைத் தூக்கும். சிவப்பு, பச்சை பிரித்து வைக்க வேண்டும். அதில் நான் தப்புச் செய்ததில்லை. இன்றும் அந்துருண்டை வாசம் வந்தால் கை நூலைத் தேடும்.

பிறகு எழுத்து அட்டை. எல்லாம் இங்கிலீஷ். எங்களில் பாதிப் பேருக்குத் தமிழே தடவல். மூன்றாவது வரை போன நான்தான் படித்தவன். அதனால் எழுத்துகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். வட்டம் சக்கரம். இரண்டு காலும் நடுவில் ஒரு கட்டையும் என்றால் ஏணி. பிறகு கைகாட்டி, சீப்பு, லீவர். சோதிக்கிற டிரஸர் யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டருக்கு அடுத்தபடி அவர்தான். வடிவம் சரியாக இருந்தால் ஒத்துக்கொள்வார்.

முதலில் போனவன் வெளியே வந்து கடைசி வரியைச் சொல்வான். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்து மனப்பாடம் செய்வோம். பஜனை மாதிரி இருக்கும். அட்டை மாறியதே இல்லை.

அப்படித்தான் என் எட்டப் பார்வை மங்கியது இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. வண்டி வருவதைச் சத்தத்தில் கண்டுகொண்டேன். தப்புத்தான். ஆனால் கண் போனால் வேலை போகும், வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். மூன்றாம் வருஷம் என் மனைவி லெட்சுமிக்கு ஏழு மாதம்.

அந்த வருஷம்தான் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் அட்டையைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு எதிரே வெள்ளையாக ஒன்று தொங்கியது. நிமிர்ந்து நின்று கடைசி வரியைப் பாடினேன். ஒன்றும் பிசகவில்லை.

டிரஸர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீர் இப்ப வாசிச்சது என்ர துவாய், காணும்."

அவர் முகம் துடைக்கிற துண்டு. வெளியே வரிசை முழுக்கச் சிரித்தது. "துண்டுல இன்னும் என்னடா எழுதியிருக்கு, எங்களுக்கும் சொல்லு" என்றான் கூட்டாளி சின்னையா.

டிரஸர் கதவைச் சாத்தினார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். எல்லாம் சொன்னேன், லெட்சுமியைப் பற்றியும். அவர் பேனாவை மறுபடி எடுத்தார்.

"எஞ்சின் ஓட்டுறவனுக்குத்தான் கண்ணாடி கூடாது. உமக்குப் போடலாம். போட்டுக்கொண்டு வாரும், திருப்பிப் பாக்கிறன்."

எனக்கு அந்த விதியே தெரியாது. இரண்டு வருஷம் சும்மா பயந்திருக்கிறேன். அதுவரை லீவரைத் தொடக்கூடாது என்று விளக்குத் துடைக்க அனுப்பினார்.

ஹை ஸ்திரீட்டில் சீனர் கண்ணாடிக் கடை. முதலாளி தவுக்கே ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, தெளிவா என்று மலாயில் கேட்பார். "தெராங்?" இல்லை என்பேன். எட்டாவதில் எதிர் மாடியில் காய்ந்த சட்டையின் பொத்தான் தெரிந்தது. "தெராங், தெராங்" என்று இரண்டு தடவை சொன்னேன்.

வழியெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன். மரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. குவார்ட்டர்ஸ் வாசலில் லெட்சுமி. முன்னெல்லாம் தூரத்திலிருந்து அவள் நிற்பது மட்டும்தான் தெரியும். அன்றைக்குச் சிரிப்பது தெரிந்தது.

"என்னங்க, கண்ணாடி போட்டு ஆபீஸ் பெரிய கிராணி மாதிரி வரீங்க?"

மறுபடி போனபோது டிரஸர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்தார். லீவர் கவிழ்ந்து கிடக்கிறது ஐயா என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வருஷம் ஒருக்கா வந்து காட்டும். பாடமாக்காதையும்."

காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். வெள்ளெழுத்து வந்தது, புரை வந்தது. எல்லாம் நேரத்தோடு தெரிந்தது. கம்பளி நூல் பெட்டி எங்கே போனதோ. சின்னையா இல்லை. லெட்சுமியும் இல்லை.

கடைப் பெண் வில்லையை மாற்றினாள். "இப்போ, தாத்தா?"

கடைசி வரி பளிச்சென்று இருந்தது. சக்கரம், சீப்பு, லீவர். பார்த்துத்தான் சொன்னேன். வெளியே வந்து, பழக்கத்தில், அந்த வரியை ஒருமுறை மெல்லச் சொன்னேன். கேட்டுக்கொள்ள வரிசையில் ஆள் இல்லை.