மெயினுக்கு வாபஸ்

பள்ளிக்கூடத்தைப் படகிலிருந்து பார்த்ததோடு சரி. எழுபதுகளில் தீவுக்குத் தீவு போகும் படகில் நான் கயிறு கட்டும் ஆள். வயதாகி இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, போர்ட் பிளேரில், லம்பா லைன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பைப் பெருக்கப் போனேன். பெருக்கியதைவிட எட்டிப் பார்த்ததுதான் அதிகம். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் 'சி' என்கிற கம்ப்யூட்டர் மொழி.

ஜங்லிகாட்டில் இரும்புக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சிக்கு, பில் போட ஒரு புரோகிராம் எழுதினேன். 'எத்தனை' என்று அது கேட்டதும் அண்ணாச்சி எண்ணை விட்டுவிட்டு டி, ஓ என்று தட்டினார். தோ, அதாவது இரண்டு. இந்தத் தீவில் எண்ணுவதெல்லாம் இந்தியில்தானே? திரை அப்படியே நின்றுவிட்டது.

"என்னலே, செத்துப்போச்சா?"

"யோசிக்குது அண்ணாச்சி."

"உன்னய மாதிரியா? வெளங்கிரும். நாளைக்கும் இப்படி நின்னா கடல் தாண்டி மெயின்லாண்டுலேருந்து வேற ஆள வரவழைச்சிருவேன். உன் வேலை கதம்."

பில்லுக்குள் சரக்கு, சரக்குக்குள் எத்தனை என்று வேலைக்குள் வேலையாக எழுதியிருந்தேன். அடியாழத்தில் தப்பு நடந்தால், படிப்படியாக ஏறாமல் ஒரே தாவலில் மேலே வர 'லாங்ஜம்ப்' உண்டு. எங்கே வந்து விழ வேண்டும் என்று முன்பே குறித்து வைப்பது 'செட்ஜம்ப்'. நான் குறி வைத்தது ஒரு குட்டி வேலைக்குள். அது முடிந்து போனதும் குறியும் போய்விட்டது.

எனக்கு இது புதிதல்ல. கடல் கெட்டால் படகை ஓட்டும் எங்கள் செராங் "வாபஸ்!" என்று கத்துவார், படகு வழியில் எங்கும் நிற்காமல் நேரே போர்ட் பிளேர் திரும்பும். ஒருமுறை மட்டும், காலையில் கிளம்பிய தீவின் படகுத்துறைக்கே, அந்த மூங்கில் ஜெட்டிக்கே திரும்பினோம். பழக்கதோஷத்தில் கயிற்றோடு குதித்தேன். ஜெட்டியை அலை கொண்டுபோயிருந்தது.

குறியைத் தூக்கி, மற்ற வேலைகளையெல்லாம் ஏவும் தலைமை வேலையான 'மெயினில்' வைத்தேன். புரோகிராம் ஓடும்வரை மெயின் எங்கும் போகாது, போர்ட் பிளேர் மாதிரி.

மறுநாள் அண்ணாச்சி அதே தோவைத் தட்டினார். 'எண்ணைப் போடவும்' என்று சொல்லிவிட்டு, திரை முதல் பக்கத்துக்கு வந்து நின்றது.

"எங்கலே போயிட்டு வருது?"

"தப்பு வந்தா மெயினுக்கு வாபஸ் வந்துரும் அண்ணாச்சி."

"மெயின்லாண்டுக்கா? டிரங்க் கால் காசு யாரு குடுப்பா?"

"ஐயோ, இது நம்ம மெயினு. இந்தப் பொட்டிக்குள்ளயே இருக்கு."

நம்பாமல் உள்ளங்கையால் கீபோர்டின் எல்லாக் கட்டைகளையும் சேர்த்து அழுத்தினார். வாபஸ். முழங்கையை வைத்தார். வாபஸ்.

"மெயின்லாண்டு ஒண்ணும் வேண்டாம்லே," என்றவர், பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி கத்தினார்: "நம்ம கயித்துக்காரன் செஞ்சது! அடிச்சாலும் விழ மாட்டேங்கு!"

அன்று ஜங்லிகாட் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். இடுப்புதான் ஒத்துழைக்கவில்லை.