சர்க்கரையைக் கொன்ற இலை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நாக்கில் சர்க்கரை செத்தால் ரத்தத்திலும் செத்துவிடும் என்று நம்பினேன். ஊரை முட்டாளாக்கிப் பேர் வாங்கிய வாயாடி நான். என்னை ஓர் இலை முட்டாளாக்கியது.

அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறேன். ஒரு காலை, தாளில் வேண்டாத காற்புள்ளி ஒன்றை அடித்து நீக்கினேன். அது அடுத்த வரிக்கு நகர்ந்தது. சுவரைப் பார்த்தேன், அங்கேயும் இருந்தது. சில நாளில் நூலாக நீண்டு, பூசையில் சாமியார் முகத்தின் மேல் கறுப்பாக மிதந்தது. நான் திரும்பினால் அதுவும் திரும்பும். கண்ணை மூடினாலும் போகாது. என் மனைவி தெரேஸ் தீர்த்தம் தெளித்தாள்.

"பேயா இருந்தாலும் கத்தோலிக்கப் பேய்தான். தவறாம பூசைக்கு வருது" என்றேன். சொல்லிவிட்டு நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் சிறுநீரை ஒரு நீல மருந்தோடு கொதிக்கவைத்தார். செங்கல் நிறமானது. நீரிழிவு (சிறுநீரில் சர்க்கரை இறங்கும் நோய்). இடது விழித்திரையில் (கண்ணின் உள்ளே பின்பக்கச் சவ்வு) ரத்தம் கசிந்திருக்கிறதாம். தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டுமாம். ஊசி என்றதும் நல்ல கண்ணும் இருட்டியது.

"யோசிச்சுட்டு வரேன், டாக்டர்" என்று எழுந்துவிட்டேன்.

பக்கத்துச் சாரம் கிராமத்திலிருந்து அச்சுக்கூட வேலைக்கு வரும் நண்பன் கோவிந்தன், சர்க்கரைக்கு மருந்தென்று சிறுகுறிஞ்சான் இலை கொண்டுவந்தான். மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டேன். மணல். வெறும் மணல்.

"பாத்தியா தெரேஸ், சர்க்கரை செத்துப்போச்சு!"

"நாக்குதாங்க செத்துப்போச்சு. ஊசிக்குப் பயந்துக்கினு இன்னா கூத்து இது?"

நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது. இலையை மென்றுவிட்டுத் துண்டு துண்டாகக் கேக் தின்றேன். இனிக்காத கேக் எப்படி இனிப்பாகும் என்பது என் வாதம். கறுப்பு நூல்கூட மெலிந்ததுபோல் இருந்தது. மெலிய வேண்டும் என்று நான்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து, முகம் கழுவும்போது இடது கண்ணுக்குள் புகைபோல ஏதோ சுருண்டு எழுந்தது. துண்டால் துடைத்து முடிப்பதற்குள் பார்வையை மூடிவிட்டது. தெரேஸ் எதிரே நின்றாள். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். ஆள் இல்லை, குரல் மட்டும்.

கையில் இலையோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். இலையை வாங்கி முகர்ந்தார். என்னைப் பிரெஞ்சு வழக்கப்படி 'முசியே' (ஐயா) என்றுதான் அழைப்பார்.

"இதுல ஏதோ இருக்குது, முசியே. நான் இல்லைங்கலை. எவ்ளோ குடுக்கணும், கண்ணுக்கு இன்னா செய்யும்னு யாரும் அளந்து சொல்லலை. அதுவரைக்கும் உங்க கண்ணு காத்திருக்குமா?"

"ஒண்ணு அவசரப்பட்டுப் போயிடுச்சு, டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. அன்றே ஊசி போட்டார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இதே நோயோடு இதைப் படிப்பவரே, இலையை நான் பழிக்கவில்லை. ஊசிக்குப் பயந்தவன் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போது எனக்கு ஒரு நாள் என்பது ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசி வரை. விழித்ததும் கூரையில் புதிதாகப் புள்ளி ஏதும் மிதக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் எழுகிறேன்.

இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. வலது கண் இன்றுவரை தெரிகிறது.